அரை வாளியில் அலம்பிய வண்டி

கோதைநாயகி கார் ஓட்டக் கற்றுக்கொண்டது கணவர் போன பிறகுதான். அதுவரை இடது பக்கத்து சீட்டில், மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு, வழி நெடுக அவர் பேசுவதைக் கேட்டபடி போய் வந்தவள். ஸ்ரீவத்ஸ் மருந்துக் கம்பெனியில் ரெப்பாக இருந்தவர். பெரம்பலூர், அரியலூர், புதுக்கோட்டை என்று டாக்டர்களைத் தேடி அலைகிற வேலை. வண்டிதான் அவருக்கு ஆபீஸ், சாப்பாட்டு அறை எல்லாம். காலையில் காபி குடித்த கையோடு வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கீழே இறங்குவார். குழாயில் ஹோஸைச் சொருகி, அந்தச் சிவப்பு மாருதிக்கு ஒரு குளியல் போட்டுவிட்டுத்தான் தன் குளியலுக்கு வருவார். மனைவியையோ மகனையோ அதன் பக்கம் அண்டவிட மாட்டார். எனக்கும் ஓட்டக் கற்றுக்கொடுங்களேன் என்று கோதை இரண்டொரு தடவை கேட்டதுண்டு. உனக்கு எதுக்கு இந்தச் சள்ளை, நான்தான் இருக்கேனே என்பார். அன்போடுதான் சொல்வார்.

இருக்கேன் என்றவர் ஒரு நாள் மத்தியானம் அரியலூரில் ஒரு மருந்துக்கடை வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு கூட வேலை பார்த்த ஒருவர் வண்டியைக் கொண்டுவந்து ஸ்ரீரங்கத்தில் அவர்கள் குடியிருந்த அடுக்ககத்தின் கீழே நிறுத்தி, சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். மகன் லக்ஷ்மிகாந்த் புனேயில் இருந்தான். வண்டியை வித்துடலாம்மா, நின்னு நின்னு வீணாப் போயிடும் என்றான். பார்க்கலாம்டா என்றாள் அவள். அவன் ஊருக்குப் போன மறுவாரமே திருவானைக்காவலில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் போய்ப் பெயரைக் கொடுத்தாள்.

ஒரு பெண்கள் கல்லூரி அலுவலகத்தில் வாழ்நாள் முழுக்க வேலை பார்த்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தாள். தன் வயதில் பாதிகூட இல்லாத பெண்களோடு வரிசையில் நின்று கிளட்சையும் கியரையும் பழகினாள். லைசென்ஸ் டெஸ்டில் மேட்டில் ஏற்றும்போது வண்டி பின்னால் நழுவி ஒரு தடவை தோற்றாள். அடுத்த தடவை கேட்டில் இடித்து மறுபடியும் தோற்றாள். மூன்றாவது தடவை அதிகாரி கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு வீடு திரும்பும்போது காவிரிப் பாலத்தின்மேல் பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்த அடியில் அவளுக்கு முதுகெல்லாம் வேர்த்துவிட்டது. ஆனால் வண்டியை நிறுத்தவில்லை. நிதானமாக, தன் பாதையில், ஸ்ரீரங்கம் கரை வந்து சேர்ந்தாள். அதற்குப் பிறகு தில்லை நகர் கண் டாக்டரிடமும், திருவானைக்காவலில் இருக்கும் அக்கா வீட்டுக்கும், கல்யாணம் கார்த்திகைக்கும் அவளேதான் ஓட்டிக்கொண்டு போனாள்.

அந்த வருஷம் மாசியிலேயே வெயில் ஆரம்பித்துவிட்டது. காவிரி மணலாகக் கிடந்தது. அடுக்ககத்து போர் தண்ணீர் இறங்கிக்கொண்டே போனது. தினமும் வந்துகொண்டிருந்த குடிநீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்றானது. ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக அறிவித்துப் போனார்கள்: குடிநீரைச் செடிக்கு விடக் கூடாது, வாசலில் ஊற்றக் கூடாது, வாகனங்களைக் கழுவக் கூடாது, மீறினால் இணைப்பு துண்டிக்கப்படும்.

அடுக்ககத்தின் செயலாளர் வேதாந்தம். பொன்மலை ரயில்வே பணிமனையில் பெரிய பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்றவர். சட்டம் என்றால் அவருக்குச் சட்டம்தான். அறிவிப்பு வந்த அன்றைக்கே கீழே இருந்த குழாய்க்குப் பூட்டுப் போட்டார். வாட்ஸாப் குழுவில், இனி கட்டடத்துக்குள் எவரும் வண்டி கழுவக் கூடாது என்று எழுதினார். ஊருக்கு உபதேசம் செய்துவிட்டுத் தான் ஒதுங்கிக்கொள்கிற ஆளில்லை அவர். முதல் வேலையாகத் தன்னுடைய பெரிய வெள்ளைக் காரைத் தரை தொடும் கவரைப் போட்டு இழுத்து மூடிக் கட்டினார். கண் அறுவைக்குப் பிறகு அவர் ஓட்டுவதும் நின்றுபோயிருந்தது. வண்டி மூடியபடியே கிடந்தது.

மற்ற வண்டிகளெல்லாம் பத்துப் பதினைந்து நாளில் ஒரே நிறத்துக்கு வந்துவிட்டன. ஸ்ரீரங்கத்தில் காற்று அடித்தால் ஆற்று மணலும் சேர்ந்துதான் வரும். போதாக்குறைக்குத் தெருமுனையில் ஏதோ கட்டட வேலை. கட்டடத்துக்கு வெளியே நிற்கும் பாதாம் மரத்தில் காக்கைகள் வேறு. கோதையின் சிவப்பு வண்டி செங்கல் சூளையிலிருந்து வந்ததுபோல நின்றது.

அவளுக்குத் தாங்கவில்லை. ஒரு நாள் காலை பழைய துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு போய் முன்பக்க பானட்டை அழுத்தித் துடைத்தாள். தூசி போனது. கூடவே பானட் முழுக்கத் தலைமுடி கீறினாற்போலக் கோடு கோடாக விழுந்துவிட்டது. வெயிலில் பார்த்தால் பளிச்சென்று தெரிந்தது. ஸ்ரீவத்ஸ் அத்தனை வருஷம் ஒரு கோடு விழாமல் வைத்திருந்த பானட். அவள் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். அன்றைக்குச் சாயந்திரம் பேசும்போது மகன், அலம்பக்கூட முடியாத வண்டியை வெச்சுண்டு என்ன பண்ணப்போறே, ஒருத்தர் கேட்டுண்டிருக்கார், குடுத்துடலாமா என்று கேட்டான். அவள் போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் திருவானைக்காவல் போகிற வழியில் இருந்த வாட்டர் சர்வீஸ் கடைக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போனாள். அங்கேயும் பம்ப் நிறுத்தப்பட்டிருந்தது. கடைக்காரர் முகம்மது கனி வண்டி ஏற்றுகிற காலி ராம்பின்மேல் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தண்ணியே இல்லம்மா, மழை வந்தாத்தான் கடை என்றார். அவள் கீறலைக் காட்டினாள். அவர் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். விரலால் தடவினார்.

"காஞ்ச துணியால தேச்சீங்களா?"

"ஆமா."

"மேல மணல் இருக்கும்போது தேச்சா உப்புத்தாள் போட்ட மாதிரிதாம்மா. இது ரொம்ப ஆழமில்ல, பாலிஷ் போட்டா மறைஞ்சிரும். வருத்தப்படாதீங்க."

கடையில் வேலையில்லாத நாள். பேச ஆள் கிடைத்ததில் அவருக்கும் சந்தோஷம். மெதுவான பிரஷ்ஷால் முதலில் மணலைத் தட்டிவிடச் சொன்னார். ஸ்பிரே பாட்டிலில் கொஞ்சம் ஷாம்பூ கலந்த தண்ணீரை அடித்து ஊறவிட வேண்டும். பிறகு நனைத்துப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணியால், கூரையில் ஆரம்பித்துக் கீழே வர வேண்டும். வட்டமாகத் தேய்க்காமல் ஒரே பக்கமாக இழுக்க வேண்டும். ஒரு தடவை இழுத்ததும் துணியை மடித்துச் சுத்தமான பக்கத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். சக்கரத்தைக் கடைசியாகத்தான் தொட வேண்டும். இதையெல்லாம் செய்தால் அரை வாளி போதும் என்றார். நாங்க கடையில ஊத்துறதெல்லாம் வேகத்துக்கும் ஷோவுக்கும்தான் என்று சொல்லிச் சிரித்தார். துணிகளையும் பாலிஷையும் அவரிடமே வாங்கிக்கொண்டு வந்தாள்.

அந்த அரை வாளித் தண்ணீரையும் வீட்டுக் குழாயிலிருந்து எடுக்க அவளுக்கு மனமில்லை. முதலில் ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளுகிற தண்ணீரைப் பிடித்துப் பார்த்தாள். காய்ந்ததும் கண்ணாடியெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழுந்தது. உப்பு. யோசித்துக்கொண்டிருந்தபோது படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே ஏசி சொட்டுகிற சத்தம் காதில் விழுந்தது. சொட்டுக் குழாயின் முனையில் ஒரு கேனைக் கட்டித் தொங்கவிட்டாள். விடிந்தபோது கேன் நிறைந்திருந்தது. அந்தத் தண்ணீரில் துடைத்தால் ஒரு புள்ளி விழவில்லை. கண்ணாடி, கண்ணாடி இருப்பதே தெரியாதபடி ஆனது.

பிறகு அது தினசரி வேலை ஆயிற்று. மற்றவர்கள் எழுந்திருப்பதற்குள் கீழே இறங்கிவிடுவாள். சத்தமில்லாத வேலை. துணி இழுக்கிற சரசரப்பு மட்டும்தான். இத்தனை வருஷம் கூடவே போய்வந்த வண்டியை அவள் அப்போதுதான் கையால் தெரிந்துகொண்டாள். இடது பக்கப் பின்கதவுக்குக் கீழே ஒரு ஒடுக்கு இருப்பதும், அதன்மேல் சிவப்புப் பெயிண்டை யாரோ சின்ன பிரஷ்ஷால் பூசியிருப்பதும் விரலுக்குத் தட்டுப்பட்டது. வேறு யார், அவர்தான். எங்கேயோ இடித்துவிட்டு, வீட்டில் சொல்லாமல் மறைத்திருக்கிறார். கோதைக்குத் தரையில் உட்கார்ந்தபடியே சிரிப்பு வந்துவிட்டது. இந்த மனுஷரும் கேட்டில் இடிச்சவர்தானா என்று நினைத்துக்கொண்டாள். அன்றைக்கு முழுக்க மனசு லேசாக இருந்தது.

இதற்கிடையில் கட்டடத்தில் வேறொரு கவலை. தரைக்கு அடியில் இருக்கும் சம்ப் நிறையத் தண்ணீர் பிடித்தும் மேல்தொட்டி நிறைய மாட்டேன் என்றது. மோட்டார் ஓடுகிற நேரம் கூடிக்கொண்டே போனது. மாடி வீடுகளில் சாயந்திரத்துக்குள் குழாய் காற்றை விட்டது. யாரோ தண்ணீரைத் திருடுகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. வேதாந்தம் வீடு வீடாகப் போய் ஒழுகும் குழாய்களைச் சரிபார்த்தார். வாட்ச்மேன் செல்லக்கண்ணுவிடம் கேட் பக்கம் கண் வைத்திருக்கச் சொன்னார். ஒன்றும் பிடிபடவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் மேல்மாடியில் குடியிருந்த ரஞ்சித் வாட்ஸாப் குழுவில் ஒரு போட்டோ போட்டான். வரிசையாக நிற்கிற வண்டிகள். எல்லாம் புழுதி. நடுவில் ஒன்று மட்டும் ஷோரூமிலிருந்து வந்ததுபோலச் சிவப்பாக மின்னுகிறது. கீழே ஒரே ஒரு வரி: 'இது எப்படின்னு யாராவது சொல்லுங்களேன்.' அவன் பெயர் சொல்லவில்லை. தேவையும் இருக்கவில்லை. அவனுக்குக் கைக்குழந்தை இருந்தது. குழாயில் தண்ணீர் இல்லாமல் அவனும் அவன் மனைவியும் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும். கோபம் அங்கிருந்து வந்தது. அந்த வரிக்குக் கீழே ஆமோதிக்கும் கட்டைவிரல் படங்கள் விழுந்துகொண்டே இருந்தன.

கோதை அதைச் சமையலறையில் நின்றபடி பார்த்தாள். திருட்டு என்ற சொல்லை யாரும் எழுதவில்லை. ஆனால் அதைத் தவிர அங்கே வேறெதுவும் இல்லை. ஏதோ பதில் டைப் செய்தாள், அழித்தாள். அரை மணி கழித்துக் கதவு தட்டப்பட்டது. வேதாந்தம் நின்றார். பின்னால் அவர் மனைவி ஹம்ஸா, இவரைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் கூடவே வந்தவள்போல நின்றாள்.

வேதாந்தம் உள்ளே வந்து உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "ஸ்ரீவத்ஸ் எனக்குத் தம்பி மாதிரி. அதனாலதான் நேர்ல வந்தேன். வண்டிய எந்த ஜலத்துல அலம்பறே, கோதை?"

அவள் ஏசி கேனைப் பற்றிச் சொன்னாள். அரை வாளி என்றாள். அவர் முகத்தில் நம்ப வேண்டும் என்ற ஆசை தெரிந்தது, நம்பிக்கை தெரியவில்லை.

"அரை வாளியில ஒரு காரா? நான் ரெண்டு மணி நேரம் ஹோஸ் பிடிச்சும் என் வண்டி அந்த மாதிரி ஆனதில்லையே. மத்தவாளுக்கு நான் என்ன சொல்றது?"

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம் மாமா. ஞாயித்துக்கிழமை கார்த்தால எல்லாரையும் கீழ வரச் சொல்லுங்கோ. அவா கண்ணு முன்னாடி அலம்பறேன். முடியலேன்னா வண்டிய வித்துடறேன்."

கடைசி வார்த்தை அவள் யோசித்துச் சொன்னதில்லை. வந்துவிட்டது. ஹம்ஸா சட்டென்று நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். அவர்கள் போன பிறகு கதவைச் சாத்திவிட்டுக் கோதை கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, சாவியை எடுத்துக்கொண்டு கீழே போனாள். வண்டியைக் கட்டடத்துக்கு வெளியே ஓட்டிக்கொண்டு போய் பாதாம் மரத்தடியில், காக்கைகளுக்கு நேர் கீழே நிறுத்தினாள். ஞாயிற்றுக்கிழமை வரை அங்கேயே விட்டாள். செய்து காட்டுவது என்று ஆனபின் சுத்தமான வண்டியைத் துடைத்துக் காட்டி என்ன பிரயோஜனம்?

ஞாயிற்றுக்கிழமை வண்டியை உள்ளே கொண்டுவந்து அதன் இடத்தில், வேதாந்தத்தின் மூடிய காருக்குப் பக்கத்தில் நிறுத்தியபோது அதன் நிறம் எது என்று சொல்ல முடியாதபடி இருந்தது. கூரை முழுக்கக் காக்கை எச்சம். கண்ணாடியில் பாதாம் இலைக் கறை. செல்லக்கண்ணு அப்போதுதான் மோட்டாரை ஓட்டி நிறுத்தியிருந்தார். ஆண்களும் பெண்களுமாக எல்லா வீட்டிலிருந்தும் இறங்கி வந்திருந்தார்கள். சிலர் காபி டம்ளரோடு. ஏதோ பந்தயம் பார்க்க வந்த கூட்டம்போல இருந்தது. ரஞ்சித் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு தூணோரம் நின்றான்.

கோதை அவனைத்தான் கூப்பிட்டாள். "ரஞ்சித், நீங்களே மேல வந்து கேனை எடுத்துண்டு வாங்கோ. நீங்களே வாளியில ஊத்துங்கோ. பாதிக்கு மேல போகாம பாத்துக்கோங்கோ."

அவன் சங்கடப்பட்டான். ஆனால் போய் எடுத்து வந்தான், ஊற்றினான். வாளி பாதிகூட நிறையவில்லை. அவள் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டாள். முதலில் பிரஷ்ஷால் மெல்லத் தட்டினாள். கூரையிலிருந்து மணல் புகைபோல எழுந்து இறங்கியது. காக்கை எச்சத்தின்மேல் நனைத்த துணியை ஒட்டிப் போட்டு ஊறவிட்டு, மற்ற இடங்களில் ஸ்பிரே அடித்தாள். பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. துணியை நனைத்தாள், பிழிந்தாள், இழுத்தாள். ஒரு இழுப்புக்கு ஒரு பட்டை சிவப்பு வெளியே வந்தது. துணியை மடித்தாள், அடுத்த பட்டை. வெயில் தூண்களுக்கு நடுவே சாய்வாக விழுந்த இடத்தில் அந்தச் சிவப்பு எரிந்தது. யாரோ ஒருத்தி, அட என்றாள். கூரை முடிந்தது. கண்ணாடிகள் முடிந்தன. பானட்டில் வேதாந்தத்தின் முகமும் பின்னால் நின்றவர்களின் முகங்களும் தெரிந்தன.

கடைசியாகச் சக்கரம். கோதை குத்துக்காலிட்டுத் தரையோடு உட்கார்ந்து பின்சக்கரத்துக்குத் துணியை நீட்டினாள். அப்போது பக்கத்து வண்டியின் கவர் அசைந்தது. அடியிலிருந்து தெருநாய் ஒன்று சோம்பல் முறித்துக்கொண்டு வெளியே வந்தது. அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு உடம்பை உதறியது. அவள் கையிலும் முகத்திலும் சேறு தெறித்தது.

அவள் கையைப் பார்த்தாள். சேறு. ஈரச் சேறு. நாயின் வயிறு முழுக்க அதே ஈரம். இத்தனை நாளாக ஒரு சொட்டுத் தண்ணீர் விழாத இடத்தில் இந்த நாய் எங்கே போய்ப் புரண்டது? நின்றுகொண்டிருந்த யாருக்கும் அது தோன்றவில்லை. அவர்கள் சிரித்தார்கள். அவள் மட்டும் தலையை இன்னும் தாழ்த்தி, கவரின் ஓரத்தைத் தூக்கி உள்ளே பார்த்தாள். உள்ளே இருட்டில் தரையில் பதித்த பேவர் கற்களுக்கு நடுவே பச்சைப் பசேலென்று புல் முளைத்திருந்தது. கையை நீட்டினாள். கற்கள் ஜில்லென்று இருந்தன. விரலுக்கடியில் தண்ணீர் கசிந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மணலுக்குள் இறங்கியது.

கோதை எழுந்தாள்.

"மாமா, உங்க கார் சாவியைக் குடுங்கோ."

வேதாந்தம் புரியாமல் நின்றார். எதுக்கு என்றார்.

"நம்ம ஜலம் அதுக்கு அடியிலதான் போயிண்டிருக்கு."

ஹம்ஸா ஓடிப்போய்ச் சாவியைக் கொண்டுவந்தாள். கவரைக் கழற்றினார்கள். பேட்டரி செத்துக் கிடந்தது. தள்ளித்தான் எடுக்க வேண்டும். யார் ஸ்டியரிங்கில் உட்காருவது என்ற கேள்வியே வரவில்லை. கோதை கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து, சாவியைத் திருகி ஸ்டியரிங் பூட்டை விடுவித்து, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, ம் தள்ளுங்கோ என்றாள். ரஞ்சித் குழந்தையை யாரிடமோ கொடுத்துவிட்டு முன்னால் போய்த் தோள் கொடுத்தான். செல்லக்கண்ணுவும் மற்ற ஆண்களும் சேர்ந்துகொண்டார்கள். வேதாந்தமும் ஒரு கை வைத்தார். அந்தப் பெரிய வண்டி முனகிக்கொண்டு பின்னால் நகர்ந்தது. அவள் கண்ணாடியில் பார்த்து, இரண்டு தூண்களுக்கு நடுவே ஒரு ஒடிப்பு ஒடித்து, சுவரோரமாகக் கொண்டுபோய் நிறுத்தினாள். எங்கேயும் இடிக்கவில்லை.

வண்டி நின்றிருந்த இடம் ஒரு சின்ன வயல்போல இருந்தது. அதன் நடுவே பேவர் கற்கள் ஒரு சாண் உள்வாங்கியிருந்தன. சம்ப்பிலிருந்து மேல்தொட்டிக்குப் போகிற குழாய் சரியாக அந்த இடத்துக்கு அடியில்தான் ஓடியது. கொஞ்ச நேரத்தில் பிளம்பர் சகாயநாதன், மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்த கையோடு, வெள்ளைச் சட்டையிலேயே வந்து சேர்ந்தார். கற்களைப் பெயர்த்துத் தோண்டினார். குழாயின் இணைப்பு ஒன்று விட்டுப்போய்க் கிடந்தது. மோட்டார் போடச் சொன்னார். தண்ணீர் பீறிட்டு எழுந்து குழியைச் சுற்றி நின்ற எல்லோரையும் நனைத்தது. யாரும் விலகவில்லை. மேலே ஏறுறதுல பாதி இங்கயே போயிருக்குங்க, ஆத்து மணலு, எவ்வளவு ஊத்துனாலும் குடிச்சிரும், வெளிய காட்டாது என்றார் சகாயநாதன்.

அவர் இணைப்பை மாற்றிக் குழியை மூடினார்; சாயந்திரம் மேல்தொட்டி வழிந்தது. ஸ்ரீரங்கம் முழுக்க வறண்டு கிடந்த அந்தக் கோடையில் அவர்கள் கட்டடத்துக் குழாய்களில் மட்டும் மூன்று வேளையும் தண்ணீர் வந்தது. லாரித் தண்ணீருக்குச் சொல்லி வைத்திருந்ததை வேதாந்தம் வேண்டாமென்று சொல்லிவிட்டார்.

ரஞ்சித் அன்றைக்கே குழுவில் இன்னொரு போட்டோ போட்டான். வேதாந்தத்தின் காரில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, முகத்தில் சேற்றுப் புள்ளிகளோடு கோதை உட்கார்ந்திருக்கிற படம். அதற்கு அவன் எதுவும் எழுதவில்லை. மனைவியோடு நேரில் வந்து, "சாரி ஆன்ட்டி, தப்பா நெனச்சுட்டேன்" என்றான். அவள் அவன் குழந்தையை வாங்கிக்கொண்டு, அவனை உட்காரச் சொன்னாள். வேதாந்தம் எல்லோருக்கும் எதிரில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிற மனிதர். அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று, அடைக்க வேண்டிய ஓட்டையை என் வண்டியை வைத்து நானே மூடி வைத்திருந்தேன், பழியைக் கோதைமேல் போட்டேன், என்னை மன்னிக்க வேண்டும் என்றார். கூட்டம் முழுக்க அவளைப் பார்த்தது. பரவாயில்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்திருப்பார்கள்.

"மனசு ரொம்ப கஷ்டப்பட்டுது மாமா. அது நெஜம். ஆனா நீங்க நேர்ல வந்து கேட்டேள். அதை நான் மறக்கல" என்றாள். பிறகு, வண்டியே அலம்பக் கூடாது என்ற விதியை எடுத்துவிட்டு, ஹோஸ் கூடாது, ஏசி தண்ணீரில் அரை வாளி மட்டும் என்று மாற்றச் சொன்னாள். ஒரே குரலில் ஒத்துக்கொண்டார்கள். கடை மூடிக் கிடந்த முகம்மது கனியை வரவழைத்து எல்லோருக்கும் ஒரு தடவை செய்து காட்டச் சொன்னாள். அவர் ஒரு பை நிறையத் துணியோடு வந்தார். திரும்பிப் போகும்போது பை காலி. அக்கம் பக்கத்துக் கட்டடங்களிலிருந்தும் அவரைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். லக்ஷ்மிகாந்துக்கு ரஞ்சித் எடுத்த படம் எப்படியோ போய்ச் சேர்ந்திருந்தது. போனில், வாங்கறேன்னு சொன்னவரை வேண்டாம்னு சொல்லிட்டேம்மா என்றான். அவள், நான் எப்போ விக்கறேன்னு சொன்னேன் என்று கேட்டாள்.

ஜூன் மாதம் மேட்டூர் அணையைத் திறந்தார்கள். புதுத் தண்ணீர் முக்கொம்புக்கு வந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் ஹம்ஸாவுக்கு அதைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. வேதாந்தத்தால் ஓட்ட முடியாது. கோதைதான் கூட்டிக்கொண்டு போனாள். ஹம்ஸா முன் சீட்டில் பூக்கூடையை மடியில் வைத்துக்கொண்டாள். வேதாந்தம் பின் சீட்டில் ஜன்னலுக்கு மேலிருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்தார். கரூர் ரோட்டில் டவுன் பஸ் ஒன்று புகையைக் கக்கிக்கொண்டு முன்னால் போய்க்கொண்டிருந்தது. கோதை இண்டிகேட்டரைப் போட்டாள், எதிரே பார்த்தாள், ஹாரனை அடித்தாள். வண்டி பஸ்ஸைத் தாண்டி முன்னால் பாய்ந்தது. அவள் தாண்டிய முதல் பஸ் அது. மெதுவா, மெதுவா என்றார் பின்னாலிருந்து வேதாந்தம். ஹம்ஸா சிரித்தாள்.

முக்கொம்பில் ஷட்டர்களுக்குக் கீழே செம்மண் நிறத்தில் நுரை கட்டிக்கொண்டு தண்ணீர் இறங்கியது. காய்ந்து கிடந்த மணல் திட்டுகள் ஒவ்வொன்றாக நனைந்து முழுகின. நூற்றுக்கணக்கான ஜனங்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஹம்ஸா பூவைக் கிள்ளிக் கிள்ளித் தூவினாள். வேதாந்தம் கைகூப்பியபடி வெகு நேரம் நின்றார். திரும்பி வந்து வண்டியில் ஏறும்போது அவருக்கு ஏதோ சொல்ல வேண்டும்போல இருந்தது.

"இந்த ஜலம் கல்லணைக்குப் போய்ச் சேர சாயந்திரம் ஆகும், இல்லையா?" என்றார். "பாத்துட்டே போயிடலாமா கோதை? உனக்குச் சிரமம் இல்லேன்னா."

கோதை ஏற்கெனவே சாவியைத் திருகியிருந்தாள். "பெல்ட்ட போட்டுக்கோங்கோ மாமா" என்றாள்.